வொட்டைப் பார்த்து அம்ப் வாங்கலாமா? பேஸ் கிற்றார் கேள்வி-பதில்

இம்முறை பேஸ் கிற்றார் வாசிப்பவர்களின் கேள்விகள் மட்டும். கோயில் திருவிழா இன்னிசை, தேவாலயப் பெருநாள், கலியாண மண்டபத்துப் பைலா என்று யாழ்ப்பாணத்தில் வாசிக்க மேடைக்குக் குறைவில்லை. பேஸுக்கென்று சாமான் வைத்திருக்கும் கடைதான் குறைவு. கொழும்பில் எடுப்பதா, வெளிநாட்டில் இருக்கும் சொந்தத்திடம் கேட்பதா, யாரோ விற்கும் பழையதை வாங்குவதா என்ற குழப்பம் அநேகமாக எல்லாக் கடிதத்திலும் இருக்கிறது.

கேள்வி (குருநகர்): அண்ணா, எங்கள் இசைக்குழுவில் நான் பேஸ் வாசிக்கிறேன். கையில் இருக்கும் காசுக்கு ஒன்றில் புதிய 100 வொட் கொம்போ (அம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) எடுக்கலாம், இல்லையென்றால் பாவித்த 300 வொட் ஹெட்டும் (ஸ்பீக்கர் இல்லாத தனி அம்ப்) நாலு 10 அங்குல ஸ்பீக்கர் உள்ள பெட்டியும் எடுக்கலாம். குழுவில் எல்லாரும் 300 வொட்டைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: தம்பி, உங்கள் நிகழ்ச்சிகளுக்குச் சவுண்ட் சேர்விஸ் வருகிறதா? வருகிறது என்றால் யோசிக்காமல் 100 வொட் கொம்போவை எடுங்கள். சனத்துக்குக் கேட்கும் பேஸ் சவுண்ட்காரரின் பெட்டிகளில் இருந்துதான் போகிறது. உங்கள் அம்ப் உங்களுக்கும் டிரம்ஸ் வாசிப்பவருக்கும் தெளிவாகக் கேட்டால் போதும்.

300 வொட் என்றால் மூன்று மடங்கு சத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். காதுக்கு அந்தக் கணக்கு இல்லை. வொட் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல். சத்தம் இரட்டித்ததுபோல் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வொட் வேண்டும். 100க்கும் 300க்கும் உள்ள வித்தியாசம் 5 டெசிபல்கூட வராது. நாலு ஸ்பீக்கர் ஒன்றாகத் தள்ளும் காற்று வேறு விடயம், அந்தக் கனம் உண்மையிலேயே நன்றாக இருக்கும். ஆனால் அதை ஏற்றி இறக்க ஆள் வேண்டும், ஒவ்வொரு முறையும் ஓட்டோ பிடிக்க வேண்டும். ஃபெண்டர் ரம்பிள் 100 போன்ற கொம்போ 10 கிலோ அளவுதான்.

எந்த அம்ப் எடுத்தாலும் பின்பக்கம் எக்ஸ்எல்ஆர் அவுட் இருக்கிறதா என்று பாருங்கள். சவுண்ட்காரர் தன் மிக்சருக்கு அதில் இருந்துதான் வயர் இழுப்பார். அதே ரம்பிள் வரிசையில் 25 வொட்டில் அது இல்லை, 40 வொட்டில் இருந்து மேலே உண்டு. இல்லாத அம்ப் என்றால் பேஸின் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பும் டிஐ பொக்ஸ் ஒன்று சொந்தமாக வாங்கி வையுங்கள். வொட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசை விட, அந்தச் சின்னப் பெட்டிக்குக் கொடுக்கும் காசு உங்கள் பேஸைச் சனத்திடம் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

சவுண்ட் சேர்விஸ் இல்லாமல், டிரம்ஸோடு, அம்பை மட்டும் நம்பி வாசிப்பது வழமை என்றால் கதை மாறும். அப்போது 100 வொட் திணறும். கோயில் வீதி, முற்றவெளி மாதிரித் திறந்த இடங்களில் சத்தத்தைத் திருப்பித் தர சுவர் இல்லாததால் பேஸ் காற்றோடு போய்விடும். அங்கே 300 வொட் தேவைதான். பாவித்ததை வாங்கினால் ஹெட் தாங்கும் குறைந்த ஓம் (மின்தடை அளவு) எவ்வளவு, பெட்டியின் ஓம் எவ்வளவு என்று இரண்டையும் வாசியுங்கள். 8 ஓம் பெட்டிகள் இரண்டைச் சேர்த்தால் 4 ஓம் ஆகும். 4 ஓமுக்குக் கீழே போகக்கூடாத ஹெட்டில் 4 ஓம் பெட்டி இரண்டைக் கொழுவினால் 2 ஓம் ஆகி, ஹெட் எரிந்து போகலாம். ஹெட்டையும் பெட்டியையும் இணைக்க ஸ்பீக்கர் வயரே வேண்டும், கிற்றார் வயரைப் பாவிக்காதீர்கள். வாங்கும் முன்பு அரை மணித்தியாலம் சத்தமாக வாசித்துப் பாருங்கள். பல பழுதுகள் சூடேறிய பிறகுதான் வெளியே வரும்.

கேள்வி (மானிப்பாய்): கனடாவில் இருக்கும் மாமா ஆடி மாதம் வருகிறார். பேஸ் அம்ப் ஒன்று கொண்டுவரட்டா என்று கேட்கிறார். அங்கே விலை குறைவாம். வாங்கச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம் என்று சொல்லுங்கள், மாமா மனம் நோகாமல். கனடாவில் கரண்ட் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அந்த அம்பை அப்படியே இங்கே செருகினால், அதிர்ஷ்டம் இருந்தால் ஃபியூஸ் மட்டும் போகும்.

சில அம்ப்களின் பின்னால் 115/230 என்று மாற்றும் சுவிட்ச் இருக்கும், சிலவற்றில் 100–240 என்று அச்சடித்திருக்கும். அப்படியானதைத் தயங்காமல் எடுக்கலாம். மாமாவிடம் பெட்டியின் படத்தைக் கேட்காதீர்கள், கரண்ட் வயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள எழுத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வோல்ற் குறைக்கும் டிரான்ஸ்ஃபோமர் போடலாமே என்று கேட்பீர்கள். போடலாம், ஆனால் அது அம்பைப் போலவே பாரம். 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் செய்த அம்ப் 50 ஹேர்ட்ஸில் கூடச் சூடாகும். மலிவான டிரான்ஸ்ஃபோமர்களில் பல இரண்டு பின்னோடு வருவதால் எர்த்தும் இல்லாமல் போகிறது. அந்த ஆபத்தை அடுத்த கேள்வியில் பாருங்கள். உத்தரவாதமும் பெரும்பாலும் வாங்கிய நாட்டில்தான் செல்லும்.

மாமாவிடம் கேட்க வேண்டியது வேறு: நல்ல வயர் இரண்டு, இரண்டு மூன்று செட் தந்தி, டியூனர் பெடல். மனம் பெரிதாக இருந்தால் பேஸ் கிற்றாரையே கேளுங்கள், அதற்கு வோல்ற் பிரச்சினை இல்லை. பெடலுக்கான அடப்டரை மட்டும் இங்கே வாங்குங்கள். லண்டனிலோ சுவிஸிலோ இருந்து வருபவர் என்றால் அம்பையும் கேட்கலாம், அங்கேயும் 230 வோல்ற்தான். லண்டன் பிளக் எங்கள் சதுர மூன்று பின்னில் அப்படியே பொருந்தும்.

கேள்வி (பாசையூர்): சில மேடைகளில் பேஸ் தந்தியில் கை வைத்தபடி மைக்கில் பாடும்போது உதட்டில் ஷொக் அடிக்கிறது. ஒரே இரைச்சலும் கேட்கிறது. எர்த் பின்னைக் கழற்றிவிட்டால் இரைச்சல் போகிறது. நல்ல அம்ப் வாங்கினால் இது தீருமா?

பதில்: தீராது. தயவுசெய்து அந்த எர்த் பின்னை இன்றைக்கே திரும்பப் போடுங்கள். இந்தப் பக்கத்தில் நான் எழுதும் எல்லாவற்றிலும் இது ஒன்றையாவது எல்லாரும் கேட்க வேண்டும்.

உங்கள் பேஸின் தந்திகள் பிரிட்ஜ் (தந்தி மாட்டும் இரும்புப் பகுதி) வழியாக, வயரின் வெளிச்சுற்று வழியாக அம்பின் இரும்பு உடம்போடு இணைந்திருக்கின்றன. மைக் அதேபோல் மிக்சரின் உடம்போடு இணைந்திருக்கிறது. இரண்டும் ஒழுங்காக எர்த்தில் இருந்தால் இரண்டுக்கும் நடுவில் வோல்ற் வித்தியாசம் இராது. அம்பின் எர்த்தை வெட்டிவிட்டால், அம்புக்குள் சின்னப் பழுது வந்தாலே போதும், 230 வோல்ற் உங்கள் தந்திக்கு வரலாம். விரல் தந்தியில், உதடு மைக்கில். நடுவில் இருப்பது உங்கள் நெஞ்சு. மேடைகளில் கிற்றார்க்காரர்கள் இப்படி உயிரை விட்டிருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது அதிகம் இல்லை. மேடையில் உள்ள அம்ப், கீபோர்ட், மிக்சர் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் இருந்து கரண்ட் எடுக்கச் சொல்லுங்கள். அம்புக்கு மண்டபத்துக் கரண்ட், மிக்சருக்கு ஜெனரேற்றர் என்று பிரித்தால்தான் அதிகம் ஷொக் வருகிறது. மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் அடப்டரை உங்கள் பையில் வைக்கவே வேண்டாம். 30 மில்லி அம்பியரில் விழும் ட்ரிப் சுவிட்ச் உள்ள எக்ஸ்டென்ஷன் ஒன்று வாங்குங்கள், குழுவாகச் சேர்ந்து வாங்கினால் பெரிய செலவில்லை. ஜெனரேற்றர் என்றால் அதன் எர்த் கம்பி மண்ணில் இறங்கியிருக்கிறதா, அதில் ட்ரிப் சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்யுமா என்று மின்வேலை தெரிந்த ஒருவர் பார்த்திருக்க வேண்டும். பாடத் தொடங்கும் முன்பு மல்டிமீற்றரை ஏசி வோல்ற்றில் வைத்து, ஒரு முனையை மைக்கின் வலையிலும் மற்றதைத் தந்தியிலும் தொடுங்கள். ஒன்றிரண்டு வோல்ற்றுக்கு மேல் காட்டினால் திருத்தும்வரை வாசிக்காதீர்கள். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் அவசரப்படுத்தினாலும் சரி, சனம் காத்திருந்தாலும் சரி.

இரைச்சலுக்கு மருந்து வேறு. டிஐ பொக்ஸிலோ அம்பின் எக்ஸ்எல்ஆருக்குப் பக்கத்திலோ கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது ஒலி வயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும், கரண்டின் எர்த்தைத் தொடாது. பயமில்லாமல் அமத்தலாம். உங்களுடையது ஜாஸ் பேஸ் வகை என்றால் இரண்டு பிக்கப்பின் (தந்தியின் அதிர்வை எடுக்கும் பகுதி) வொல்யூமையும் ஒரே அளவில் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் இரைச்சல் அடங்கிவிடும்.

கேள்வி (சுண்டுக்குழி): மகளுக்கு 13 வயது. பேஸ் கிற்றார்தான் வேண்டும் என்கிறாள். கை சின்னது. எல்லாரும் முதலில் சாதாரணக் கிற்றார் பழகட்டும் என்கிறார்கள்.

பதில்: அக்கா, பிள்ளை பேஸ் கேட்டால் பேஸையே கொடுங்கள். ஆறு தந்தியைப் பழகிவிட்டுத்தான் இதற்கு வர வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

வழமையான பேஸில் தந்தியின் நீளம் 34 அங்குலம். 30 அங்குலத்திலும் உண்டு, ஸ்குவையர் பிராங்கோ அப்படியானது. ஐபனெஸ் மைக்ரோ இன்னும் சிறியது, 28.6 அங்குலம். ஆனால் 13 வயதில் பல பிள்ளைகள் 34ஐயே சமாளிப்பார்கள். கடையில் மடியில் வைத்து, முதலாவது கட்டையில் (ஃப்ரெட்) தொடங்கி, கட்டைக்கு ஒன்றாக நாலு விரலையும் விரித்து வைக்கச் சொல்லிப் பாருங்கள். எட்டினால் யமஹா டிஆர்பிஎக்ஸ் 174 போன்ற ஒன்று பல வருடம் போகும். பெயர் இல்லாத மலிவுச் செட், அம்பும் பையும் இலவசம் என்று வருவதை எடுக்காதீர்கள். தந்தி உயரமாக நின்று விரல் நோகும், பிள்ளை தனக்கு வராது என்று நினைத்து விட்டுவிடும். அந்த இழப்பு எனக்குத் தாங்காது.

பாவித்தது என்றால் கழுத்தைப் பாருங்கள். தந்தியை முதல் கட்டையிலும், கழுத்து உடம்போடு சேரும் இடத்திலும் ஒரே நேரத்தில் அழுத்தினால், நடுவில், ஏழாம் எட்டாம் கட்டையருகில், தந்திக்குக் கீழே கடதாசி அளவு இடைவெளி தெரிய வேண்டும். அதிகமாக இருந்தால் கழுத்துக்குள் உள்ள கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம். கழுத்து முறுக்கியிருந்தால் விட்டுவிட்டு வாருங்கள்.

வீட்டில் பழக ஹெட்ஃபோன் துளை உள்ள சின்ன அம்ப் போதும்.

கேள்வி (நல்லூர்): சினிமாப் பாட்டுகள் வாசிக்க ஐந்து தந்தி பேஸ் அவசியமா?

பதில்: அவசியம் இல்லை, உதவி உண்டு. நாலு தந்தியில் ஆகக் கீழான சுரம் ஈ (E), 41 ஹேர்ட்ஸ். ஐந்தாவது தந்தி பி (B), 31 ஹேர்ட்ஸ். பாடகருக்காகச் சுருதியை இறக்கும்போதும், கீபோர்டில் போட்ட பேஸ் உள்ள பாட்டுகளிலும் ஈக்குக் கீழே போக வேண்டி வரும். மாதத்தில் பல மேடை என்றால் மாறுங்கள். இப்போதைக்கு ஈ தந்தியை டி (D) சுரத்துக்கு இறக்கி வாசித்துப் பாருங்கள், பாதித் தேவை அதிலேயே முடியும். சின்ன அம்பில் அந்த பி உறுமலாக மட்டுமே கேட்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி (நாவாந்துறை): தந்தி இரண்டு மாதத்திலேயே துருப்பிடிக்கிறது.

பதில்: கடற்காற்றும் வியர்வையும்தான். வாசித்து முடித்த உடனே உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் அடியிலும் சேர்த்துத் துடையுங்கள். பூச்சுப் பூசிய தந்தி விலை கூட, ஆனால் கடற்கரைப் பக்கம் இருப்பவருக்கு அந்தக் காசு பெறும். பேஸைச் சுவரில் தொங்கவிடாமல் பைக்குள் வையுங்கள்.

கேள்வி (சாவகச்சேரி): கொழும்புக் கடை ஒன்றில் காசு கட்டி எடுத்த பேஸ், கழுத்தில் வெடிப்போடு வந்து சேர்ந்தது. கடைக்காரர் பஸ்ஸில் நடந்தது என்கிறார், மாற்றித் தர மாட்டாராம்.

பதில்: பெட்டியையும் உள்ளே சுற்றியிருந்ததையும் எறியாதீர்கள். வெடிப்பையும் பெட்டியின் நாலு பக்கத்தையும் படம் எடுங்கள். பெட்டியில் அடிபட்ட அடையாளம் இல்லாவிட்டால் அவருடைய வாதம் பலமிழக்கும். என்ன நடந்தது, என்ன கேட்கிறீர்கள், எத்தனை நாளுக்குள் பதில் வேண்டும் என்று கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள். தொலைபேசியில் கதைத்தது பிறகு உதவாது.

அதற்கும் அசையாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும், ஆகவே கடைக்காரரின் 'அடுத்த கிழமை பார்ப்போம்'களில் காலத்தை விடாதீர்கள். 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் வழி சொல்வார்கள். பற்றுச்சீட்டு முக்கியம். கேட்டால் வியாபாரி தந்தே ஆக வேண்டும் என்பது சட்டம், இப்போதும் கேட்டு வாங்கலாம். வங்கியில் காசு கட்டிய துண்டையும் அவரோடு நடந்த செய்திப் பரிமாற்றத்தையும் அதோடு இணையுங்கள். வெடித்த கழுத்தைத் திருத்த இங்கே யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். முறைப்பாடு முடியும்வரை தந்திகளைத் தளர்த்தி, வந்த பெட்டியிலேயே வைத்திருங்கள்.