வானொலிப் பட்டறை கேள்வி – பதில்: 14.2-இல் கேட்கும் மோர்ஸ்

கேள்வி: ஐயா, இரண்டு ஐஆர்எஃப் 510 மொஸ்பெற் ட்ரான்சிஸ்டர் போட்டு புஷ்-புல் அம்பிளிபயர் ஒன்று செய்தேன். 12 வோல்ற்றில், 7.1 மெகாஹேர்ட்ஸில் 10 வாற் அளவு வருகிறது. புஷ்-புல் என்றால் இரட்டைப்படை ஹார்மோனிக் (அலைவரிசையின் 2, 4 மடங்கில் வரும் உபரி அலை) தானாகவே அடிபட்டுப் போகும் என்றுதான் படித்தேன். ஆனால் பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் கூட்டாளியின் வானொலியில் என் மோர்ஸ் 14.2-இலும் கேட்கிறதாம், 21.3-இலும் கேட்கிறதாம். எங்கே பிழை?
– வாசகர் ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: தம்பி, அம்பிளிபயரைக் கழற்றுவதற்கு முதல் கூட்டாளியின் வானொலியைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். பக்கத்து ஒழுங்கையில் 10 வாற் என்றால் அந்தப் பெட்டிக்கு அது மாரிகாலத்து வெள்ளம் மாதிரி. தாங்க முடியாமல் அதுவே தனக்குள் ஹார்மோனிக்கை உண்டாக்கிவிட்டு உங்கள் தலையில் பழியைப் போடும். சோதிப்பது லேசு. 68 ஓம் ஒன்றை அன்ரெனா வயருக்கு நடுவில் தொடராகப் போட்டு, அதன் இரண்டு நுனியிலிருந்தும் எர்த்துக்கு 100 ஓம் ஒவ்வொன்று போட்டால் ஏறக்குறைய 10 டெசிபெல், அதாவது வலுவைப் பத்தில் ஒன்றாக, குறைக்கும் அற்றெனுவேற்றர் தயார். அதை வானொலிக்கு முன்னால் போட்டுப் பாருங்கள். 14.2-இல் சத்தம் 10 டெசிபெல் குறைந்தால் அது உங்கள் வீட்டுப் பிள்ளை. 20 டெசிபெல் குறைந்தால் அது வானொலிக்குள்ளேயே பிறந்தது, நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

சரி, உங்களுடையதுதான் என்று வைத்துக்கொள்வோம்.

முதிரைக் குற்றியை இரண்டு பேர் நின்று அரியும் பெரிய வாளைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் விட்டுக்கொடுக்க வேண்டும், பிறகு அவர் இழுக்க இவர் விட வேண்டும். புஷ்-புல்லும் அதேதான். ஒவ்வொரு மொஸ்பெற்றும் அலையின் அரைவாசியை மட்டும் சுமக்கிறது. அந்த அரை அலைக்குள் இரண்டாம் ஹார்மோனிக் நிறைய உண்டு, கணக்குப்படி அடிப்படை அலையில் 42 வீதம், அதாவது வெறும் 7 டெசிபெல் சொச்சம்தான் கீழே. இரண்டு பக்கத்து இரண்டாம் ஹார்மோனிக்கும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் வருவதால் வெளியீட்டு ட்ரான்ஸ்போமரில் ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்கின்றன. நீங்கள் படித்தது பிழையில்லை. ஆனால் இரண்டும் அளவில் சமமாக இருந்தால்தான் முழுதாக வெட்டும் என்பதை உங்கள் புத்தகம் அழுத்திச் சொல்லவில்லைப் போல.

ஒரு பக்கம் மற்றதைவிட 10 வீதம் சோர்ந்தால் என்ன ஆகும்? வெட்டுவது 25 டெசிபெல் அளவில் நின்றுவிடும். முன்னே சொன்ன 7-ஐயும் சேர்த்தால் 33 டெசிபெல் கீழே. உங்கள் 10 வாற்றுக்கு அது 14.2-இல் 5 மில்லிவாற். அட, 5 மில்லிவாற்தானே என்று நினைக்காதீர்கள், மோர்ஸுக்கு அது தாராளம். அமெரிக்காவில் 30 மெகாஹேர்ட்ஸுக்குக் கீழே அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கு வைத்திருக்கும் அளவுகோல் 43 டெசிபெல் கீழே, நீங்கள் அதற்கு இன்னும் 10 டெசிபெல் தூரத்தில் நிற்கிறீர்கள். அளவு சரியாக இருந்து நேரம் பிசகினாலும் இதே கதைதான். இரண்டாம் ஹார்மோனிக்கில் 10 பாகை வித்தியாசம் வந்தால் வெட்டுவது 21 டெசிபெல்லோடு சரி.

என் சந்தேகம் முதலில் உங்கள் பயஸில், அதாவது மொஸ்பெற்றைத் திறக்கும் காலான கேற்றுக்குச் சிக்னல் இல்லாதபோதும் கொடுத்து வைக்கும் வோல்ற்றேஜில். இரண்டு கேற்றுக்கும் ஒரே பொட் (திருகிக் கூட்டிக் குறைக்கும் ரெசிஸ்டர்) போட்டிருக்கிறீர்களா? ஐஆர்எஃப் 510 திறக்கத் தொடங்கும் கேற் வோல்ற்றேஜ் 2-இலிருந்து 4 வரை எங்கும் இருக்கலாம் என்று அதைச் செய்பவர்களே போட்டிருக்கிறார்கள். ஒரே பொட் என்றால் ஒன்று 80 மில்லிஅம்பியர் குடிக்கும்போது மற்றது தூங்கிக்கொண்டிருக்கும். இரண்டு பொட் போடுங்கள். வெளியீட்டில் அன்ரெனாவுக்குப் பதில் டம்மி லோட், உள்ளே சிக்னல் இல்லை, 12 வோல்ற் வயரில் மீற்றர். இரண்டையும் பூச்சியத்துக்கு இறக்கிவிட்டு ஒன்றை 50 மில்லிஅம்பியருக்கு ஏற்றுங்கள், பிறகு மற்றதை ஏற்றி மொத்தம் 100 ஆக்குங்கள். (டம்மி லோட்டுக்கு 1 கிலோ ஓம் காபன் ரெசிஸ்டர் 20-ஐச் சமாந்தரமாகச் சேர்த்தால் 50 ஓம். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் வேண்டாம், அது இந்த அலைவரிசையில் சுருளாகத்தான் நடக்கும்.)

இன்னும் நல்லது, சோடி பார்த்து வாங்குவது. புறக்கோட்டையிலிருந்து யாராவது வரும்போது இரண்டு சொல்லிவிடாமல் பத்தாகச் சொல்லிவிடுங்கள். கேற் காலையும் ட்ரெயின் காலையும் ஒன்றாகக் கட்டி, 1 கிலோ ஓம் வழியாக 12 வோல்ற் கொடுத்து, மூன்றாவதான சோர்ஸ் காலுக்கும் அந்தக் கட்டுக்கும் இடையில் எத்தனை வோல்ற் என்று ஒவ்வொன்றின் முதுகிலும் பேனையால் எழுதுங்கள். கிட்டக்கிட்ட வரும் இரண்டுதான் உங்கள் சோடி. போல்ற் போடும்போது இன்னொன்று: இதன் உலோக முதுகு ட்ரெயினோடு சேர்ந்தது, இரண்டையும் ஒரே ஹீற் சிங்கில் மின் கடத்தாத மைக்காத் தகடு இல்லாமல் முடுக்கினால் 7 மெகாஹேர்ட்ஸை மறந்துவிட வேண்டியதுதான். நான் ஒருமுறை முடுக்கி, ஒரு பின்னேரம் முழுக்க எங்கே ஷோட் என்று தேடியிருக்கிறேன்.

அதற்குப் பிறகும் கேட்டால் ட்ரான்ஸ்போமரைப் பாருங்கள். கேற் பக்கத்துச் சுற்றை இரண்டு கம்பியை முறுக்கி ஒன்றாகச் சுற்றி, ஒன்றின் முடிவை மற்றதன் தொடக்கத்தோடு கட்டினால்தான் அது உண்மையான நடு. ஒஸிலஸ்கோப் இரவல் கிடைத்தால் இரண்டு கேற்றிலும் ஒரே உயரம், எதிர்த் திசை வருகிறதா என்று பாருங்கள். வெளியீட்டு நடுவில், 12 வோல்ற் நுழையும் இடத்திலேயே, 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்றைக் காலைக் கட்டையாக வெட்டி எர்த்தில் ஒட்டுங்கள். இரண்டு பக்கத்து இரண்டாம் ஹார்மோனிக்கும் சேர்ந்து நிலத்துக்குப் போகும் வழி அதுதான். சோர்ஸ் கால்களும் இரண்டு பக்கமும் ஒரே நீளம், முடிந்தளவு கட்டை.

21.3 வேறு கதை. மூன்றாம் ஹார்மோனிக்கைச் சமநிலை தொடாது, எவ்வளவு அழகாகச் சோடி சேர்த்தாலும் அது சேர்ந்தே வெளியே வரும். அலை முழுதாக வெட்டுப்பட்டுச் சதுரமானால் மூன்றாம் ஹார்மோனிக் அடிப்படையில் மூன்றில் ஒன்று, 9.5 டெசிபெல்தான் கீழே. ஆகவே அளவுக்கு மேல் ட்ரைவ் கொடுத்து இன்னொரு வாற் பிழிய வேண்டாம், வெளியே லோ-பாஸ் பில்ரர் (7-ஐ விட்டு மேலுள்ளதை மறிப்பது) இல்லாமல் அன்ரெனாவில் மாட்டவும் வேண்டாம். கொண்டென்சர் 270, 680, 680, 270 பிகோஃபாரட், சுருள் 1.4, 1.7, 1.4 மைக்ரோஹென்றி போதும். பில்ரரே 14.2-ஐயும் பிடிக்குமே, பிறகு எதற்கு இந்தச் சோடி தேடும் வேலை என்று கேட்பீர்கள். பில்ரர் ஹார்மோனிக்கை விழுங்குவதில்லை, திருப்பி மொஸ்பெற்றிடமே அனுப்புகிறது. அனுப்புவதற்குக் குறைவாக இருந்தால் எல்லோருக்கும் நல்லது.

கேள்வி: பழைய கணினிப் பவர் சப்ளையில் கழற்றிய மஞ்சள் வளையம் நிறைய இருக்கிறது. பில்ரர் சுருளை அதில் சுற்றலாமா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: ஒரு முகம் வெள்ளையா என்று பாருங்கள் தங்கச்சி. மஞ்சளும் வெள்ளையும் என்றால் அது 26-ஆம் கலவை இரும்புத்தூள், 7 மெகாஹேர்ட்ஸில் வாற்றை எல்லாம் சூடாக்கித் தின்னும். முழு மஞ்சள் வளையம் என்று கடையில் கிடைக்கும் 6-ஆம் கலவை வேறு, இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்கள் நிறையப் பேர். பற்றரி வன்னிக்குள் வராத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட ஊர், கையில் கிடைத்ததைப் பாவிக்கும் குணம் நம்மை விட்டுப் போகாது, ஆனால் இந்த வளையத்தை மட்டும் பவர் சப்ளைக்கே வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு டி50-2 வளையம் வாங்கினால் 1.4 மைக்ரோஹென்றிக்கு 17 சுற்று, 1.7-க்கு 19 சுற்று. கம்பி துளைக்குள் ஒருமுறை போனாலே ஒரு சுற்று என்று எண்ண வேண்டும்.