துடைத்த எழுத்தைப் படித்தீர்களா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். சுருக்கித் தருகிறேன்.

"அம்மா, பெயர்ப்பலகைக் கடை வைத்திருக்கிறேன். அப்பா ஆரம்பித்தது. அவர் காலத்தில் எல்லாமே பிரஷ். இப்போது ஃப்ளெக்ஸ், வினைல், ஏசிபி ஷீட், எல்இடி. காசிமேட்டில் படகுகளுக்குப் பேர் எழுதுவது மட்டும் இன்னும் கைவேலை. அதை நான்தான் செய்கிறேன். நான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் போக, என் அக்கா மகன். வயது 19, பத்தாவது தேறியவன். அக்காவின் கணவர் இறந்தபின் அக்காதான் கொண்டுவந்து விட்டார், மூன்று வருடம் ஆகிறது. ஏணி பிடிப்பது, ஷீட் ஏற்றி இறக்குவது, ஃபிட்டிங்குக்குக் கூட வருவது எல்லாம் செய்வான். பிரஷ் கொடுக்கும் அளவுக்கு இன்னும் வரவில்லை. மாதம் நாலாயிரம் தருகிறேன், மதியச் சாப்பாடு என் வீட்டில். இப்போது 'எனக்கு ஒரு சர்டிபிகேட் வேணும் மாமா' என்கிறான். அரசாங்க அப்ரண்டிஸ் திட்டத்தில் பதிவு செய்தால் உதவித்தொகையில் ஒரு பங்கு வரும், பி.எஃப். கட்ட வேண்டாம் என்று ஆடிட்டர் சொல்கிறார். பதிவு செய்தால் பிறகு வேலை கொடுத்தே ஆக வேண்டுமா? தொழிலைக் கற்றுக்கொண்டு எதிரிலேயே கடை போட்டுவிட்டால்? பையனுக்கு அக்கறையும் குறைவு. ராத்திரி கடையில்தான் படுக்கிறான். பின்சுவர் முழுக்க சாக்பீஸால் எதையாவது கிறுக்கி வைக்கிறான், தினமும் காலையில் நான்தான் ஈரத்துணி போட்டுத் துடைக்கிறேன். என் மகன் ஐ.டி.யில் இருக்கிறான், கடைப்பக்கம் வரமாட்டான். என்ன செய்யலாம்?"

தம்பி, அந்தச் சுவரில் என்ன எழுதியிருந்தது?

சம்பளம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறீர்கள். ஆடிட்டர் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். சுவரில் இருந்ததை மட்டும் 'எதையாவது' என்று தள்ளிவிட்டீர்கள். எழுத்தால் சோறு தின்ற குடும்பம் உங்களுடையது. தினமும் ஒரு சுவர் எழுத்தைத் துடைக்கிறவருக்கு அது 'அ'வா 'ழ'வா என்றுகூடவா தெரியாமல் போகும்? பார்த்திருக்கிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன். நன்றாக இருந்திருக்கும். அதனால்தான் 'கிறுக்கல்' என்று எழுதத் தோன்றியிருக்கிறது.

அக்கறை இல்லாத பையன் பகல் முழுக்க ஷீட் தூக்கிவிட்டு ராத்திரி போனைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவான். இவன் சாக்பீஸ் எடுக்கிறான். காலையில் துடைக்கப்படும் என்று தெரிந்தே மறுநாள் ராத்திரியும் எழுதுகிறான். நான் ராயபுரத்தில் வளர்ந்தவள். எங்கள் தெருவில் ஒரு ஆர்ட்டிஸ்ட் இருந்தார். அவரிடம் சேர்ந்த பையன்களுக்கு முதல் ஆறு மாதம் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கோடும் வட்டமும்தான். நூல் அடித்துக் கோடு போட வரவேண்டும், வட்டத்தைக் கை எடுக்காமல் முடிக்க வேண்டும், அப்புறம்தான் பிரஷ். அந்தப் பாடத்தை உங்கள் மருமகன் வாத்தியார் இல்லாமல் தனியாகப் படித்துக்கொண்டிருக்கிறான். வாத்தியார் காலையில் வந்து சிலேட்டைத் துடைக்கிறார்.

இதே கடிதம் எனக்கு மெக்கானிக் ஷெட்டிலிருந்து வந்திருக்கிறது, தையல் கடையிலிருந்து வந்திருக்கிறது, பேக்கரியிலிருந்தும் வந்திருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரு சொந்தக்காரப் பையன், எல்லாவற்றிலும் 'இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை' என்று ஒரு வரி. சரி, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

1961ஆம் வருடத்துத் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம்தான் இதற்கு அடிப்படை. 2019-ல் விதிகளைத் திருத்தினார்கள். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அப்ரண்டிஸ் வைப்பது கட்டாயம். 4 பேர் முதல் 29 பேர் வரை உள்ள இடம், விரும்பினால் வைக்கலாம். உங்களிடம் நான்கு பேர், ஆகவே கதவு திறந்துதான் இருக்கிறது. அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா இணையதளத்தில் கடையைப் பதிய வேண்டும், பையனும் பதிய வேண்டும், ஒப்பந்தமும் அதிலேயே. 18 நிரம்பாதவன் என்றால் காப்பாளர் கையெழுத்து வேண்டும். மூன்று வருடம் முன்பே செய்திருந்தால் உங்கள் அக்கா வந்து கையெழுத்துப் போட்டிருப்பார், எதில் போடுகிறோம் என்று படித்தும் பார்த்திருப்பார். இப்போது அவனே போடுவான்.

பணம். அந்த விதியில் பத்தாவது தேறியவனுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 6,000 ரூபாய். பதிவு செய்யும் நாளில் இணையதளத்தில் என்ன தொகை இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள், நான் இந்த 6,000-ஐ வைத்துக் கணக்குப் போடுகிறேன். தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் 25 சதவீதத்தை, அதிகபட்சம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு தருகிறது. அது உங்கள் கல்லாவுக்கு வராது, நேராகப் பையனின் வங்கிக் கணக்குக்குப் போகும். மீதி 4,500 உங்களுடையது. இப்போது கொடுப்பது 4,000. ஆக, சட்டப்படி நடக்க உங்களுக்கு ஆகும் கூடுதல் செலவு மாதம் 500 ரூபாய். ஒரு பிளாஸ்டிக் எமல்ஷன் டப்பா அதைவிட விலை. இந்த 500-க்கா மூன்று வருடம் யோசித்தீர்கள்?

இரண்டாம் வருடம் 10 சதவீதம் கூடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

மதியச் சாப்பாட்டைச் சம்பளத்தோடு ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படிக்க எனக்குக் கூசியது. அவனுக்குக் காது குத்தியது யார் மடியில்? தாய்மாமன் மடியில்தானே? அந்தப் பிள்ளைக்குப் போட்ட சோற்றைக் கூலிக் கணக்கில் சேர்க்கிறவரிடம் சட்டம் பேசி என்ன பிரயோசனம் என்று ஒரு நிமிடம் பேனாவை வைத்துவிட்டேன்.

ஆடிட்டர் சொன்னது பாதி. அப்ரண்டிஸ் என்பவன் பயிற்சி பெறுகிறவன், தொழிலாளி அல்ல என்று சட்டத்தின் 18ஆவது பிரிவு சொல்கிறது. அதனால்தான் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது. அவர் சொல்லாத பாதி, பயிற்சியின்போது அடிபட்டால் இழப்பீடு உங்கள் பொறுப்பு. ஏணி பிடிக்கிறவன், எல்இடி போர்டு மாட்டச் சாரத்தில் ஏறுகிறவன். இதை மறக்காதீர்கள். இன்னொன்றும் இருக்கிறது. ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்துதான் அவன் அப்ரண்டிஸ். போன மூன்று வருடம் அவன் உங்கள் தொழிலாளி. அதற்குக் குறைந்தபட்சக் கூலி என்று ஒன்று உண்டு. இன்றைக்கு ஒரு காகிதம் போட்டு அந்த மூன்று வருடத்தை மூடிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் பாக்கியை ஆடிட்டரோடு பேசாமல் அக்காவோடு உட்கார்ந்து பேசுங்கள்.

வேலை கொடுத்தே ஆக வேண்டுமா என்றால், ஒப்பந்தத்தில் அப்படி எழுதாதவரை கட்டாயம் இல்லை. நீங்கள் பயப்படுகிற விஷயத்துக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. பயிற்சி முடிந்ததும் உங்களிடமே வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை போடலாம். போட்டால் நீங்கள் தகுந்த வேலை கொடுக்கக் கடமைப்பட்டவர், அவன் செய்யக் கடமைப்பட்டவன். கயிறு இரண்டு பக்கமும் கட்டும். அதைச் சொன்னால் இங்கே பல முதலாளிகள் பின்வாங்கிவிடுகிறார்கள்.

சர்டிபிகேட் ஏன் கேட்கிறான் என்று அவனிடம் கேட்டீர்களா? பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் பெயிண்டர் பிரிவுக்கு அப்ரண்டிஸ் எடுக்கிறார்கள். அவன் வயதுப் பையன்கள் அங்கே விண்ணப்பம் போடுவதை அவன் பார்க்காமல் இருக்க முடியாது. நம் தொழிலுக்கு நெருக்கமான ஐடிஐ படிப்பும் 'பெயிண்டர் ஜெனரல்'தான், 2 வருடம், எட்டாவது தேறியிருந்தால் போதும். அதில் மரத்துக்கும் இரும்புக்கும் வண்ணம் பூசுவதோடு எழுத்து வேலையும் உண்டு. ஐடிஐ முடித்தால் தேசியத் தொழிற்சான்றிதழ். அரசு அறிவித்த தொழிற்பிரிவு ஒன்றில் அப்ரண்டிஸாக இருந்து அகில இந்தியத் தேர்வு எழுதித் தேறினால் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ். வினைல், எல்இடி என்று உங்கள் கடைக்கு ஏற்றபடி நீங்களே பாடம் வகுக்கும் விருப்பத் தொழிற்பிரிவு என்றும் ஒன்று இருக்கிறது, 6 மாதம் முதல் 3 வருடம் வரை. எது என்று அவனைக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஐ.சி.எஃப். கனவு இருந்தால் முதல் இரண்டில் ஒன்று.

எதை எடுத்தாலும், என்ன கற்றுக் கொடுத்தீர்கள் என்று பதிவு வைக்க வேண்டும். போன மூன்று வருடத்துக்கு அப்படி ஒரு நோட்டு இருந்தால் அதில் என்ன எழுதுவீர்கள்? ஏணி பிடித்தான், ஷீட் தூக்கினான், சுவரில் எழுதினான், துடைத்தேன்.

கைவேலை போய்விட்டது, இனி எதற்குக் கற்றுக்கொடுப்பது என்று நீங்கள் நினைக்கலாம். ஃப்ளெக்ஸ் வந்து கை எழுத்தைத் தின்றது உண்மை. 2019 ஏப்ரலில் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் வந்து, வண்டி நம்பர் எழுதும் பிழைப்பும் போனது. ஆனால் படகு இருக்கிறதே. வளைந்த பலகையில், உப்புத் தண்ணீரில் ஸ்டிக்கர் எத்தனை நாள் நிற்கும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். கடைப் பலகைகளில் தமிழ் 5, ஆங்கிலம் 3, பிற மொழி 2 என்ற விகிதம் வேண்டும் என்கிறது அரசு. அந்த ஐந்து பங்கு தமிழை யார் எழுதுவது? கம்ப்யூட்டரில் ஒரு ஃபான்ட்டை இழுத்து நீட்டி, 'ழ'வின் வாலை நசுக்கி வைக்கிறார்கள், பார்க்கவே வயிறு எரிகிறது. (மின்ட் தெருப் பக்கம் போனால் பழைய பலகைகளைப் பாருங்கள். 1978-ல் அரசு எழுத்தை மாற்றும் முன் எழுதியது என்றால் 'லை' யானைத் தும்பிக்கை போன்ற சுழியோடு இருக்கும். அந்த வருடம் உங்கள் அப்பா கையை மறுபடி பழக்கியிருப்பார். அவரிடம் தொழில் கற்றவர் நீங்கள். உங்களுக்கு அவர் எந்த வயதில் பிரஷ் கொடுத்தார்?)

எதிரில் கடை போடட்டுமே. உங்கள் மகன் வரமாட்டான் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். இன்னும் பத்து வருடத்தில் உங்களால் படகு ஓரம் குந்தி உட்கார முடியாது. அன்றைக்கு காசிமேட்டில் படகுக்காரர் பேர் எழுத ஆள் தேடினால், அவர் போய் நிற்கும் கடை உங்கள் அப்பா வம்சத்துக் கடையாக இருப்பதில் உங்களுக்கு என்ன நஷ்டம்? அக்கா மகனும் அந்த வம்சம்தான். புருஷனை இழந்தவள் பிள்ளையைக் கொண்டுவந்து தம்பியிடம் விட்டது ஏணி பிடிக்க அல்ல.

பதிவு செய்யுங்கள். 6,000 என்பது குறைந்தபட்சம்தான், அதற்கு மேல் கொடுக்க எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பயிற்சித் திட்டத்தில் கை எழுத்தை முதல் மாதத்திலேயே போடுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. நாளைக் காலையில் துணியை எடுக்காதீர்கள். சுவர் முன்னால் நில்லுங்கள், அவனையும் பக்கத்தில் நிறுத்துங்கள். எந்த வளைவு கோணி இருக்கிறதோ அதை உங்கள் சாக்பீஸால் பக்கத்திலேயே போட்டுக் காட்டுங்கள். அந்தச் சுவரில் இருந்த எழுத்து எதுவென்று எனக்கு எழுதுங்கள். உங்கள் மற்றக் கேள்விகளுக்கு அதைப் படித்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.