பென்டிரைவில் இருந்து பூட் ஆகாமல் பழைய விண்டோஸே திரும்ப வருகிறது, என்ன செய்வது?

உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் செய்வதற்கான ஃபைலை) பென்டிரைவில் ஏற்றி ரீஸ்டார்ட் செய்தால் நேராக விண்டோஸுக்கே போய்விடுகிறது, பென்டிரைவைத் திரும்பத் திரும்பத் தயார் செய்தும் பலனில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பென்டிரைவை அழித்து எழுதுவதை நிறுத்துங்கள். வேலை எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று பார்க்க வேண்டும். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவில் பென்டிரைவின் பெயரே வரவில்லையா? பெயர் வந்தும், தேர்ந்தெடுத்தால் திரும்பி விண்டோஸுக்கே போகிறதா? அல்லது இன்ஸ்டாலர் தொடங்கி நடுவில் நிற்கிறதா? மூன்றுக்கும் காரணம் வேறு. நண்பர்கள், உறவினர்கள் என்று பலருடைய லேப்டாப்பில் இந்த வேலையைச் செய்து கொடுத்திருக்கிறேன். இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டாலே பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

பூட் மெனுவை நீங்கள் திறந்ததாகவே எழுதவில்லை. பென்டிரைவைச் செருகி ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் போதாது, பல கம்ப்யூட்டர்கள் ஹார்டு டிஸ்க்கைத்தான் முதலில் தேடும். டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். சரியான நொடியில் அழுத்த முடியவில்லையா? விண்டோஸுக்குள் இருந்தபடியே ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட்டைக் கிளிக் செய்யுங்கள். வரும் நீலத் திரையில் 'யூஸ் எ டிவைஸ்' என்பதற்குள் பென்டிரைவ் தெரியும். விண்டோஸ் ஓடுகிற கம்ப்யூட்டரில் நான் எப்போதும் இந்த வழியைத்தான் பிடிப்பேன்.

அங்கேயும் பெயர் வரவில்லை என்றால் பென்டிரைவைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரே ஒரு ஐஎஸ்ஓ ஃபைல் மட்டும் கிடந்தால் சிக்கல் அதுதான். ஐஎஸ்ஓவை அப்படியே பூட் செய்யும் வென்டாய் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினால் மட்டுமே அப்படிக் காப்பி செய்தால் போதும். மற்றபடி ரூஃபஸ், எட்சர் போன்ற மென்பொருள் ஒன்றால் முறையாக எழுத வேண்டும். யூஇஎஃப்ஐ (கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் உள் மென்பொருள்) உள்ள இன்றைய கம்ப்யூட்டர்கள் பென்டிரைவில் 'ஈஎஃப்ஐ' ஃபோல்டரைத் திறந்து, அதற்குள் 'பூட்' ஃபோல்டரில் 'பூட்எக்ஸ்64' என்ற ஃபைலைத் தேடும். அது கிடைக்காவிட்டால் பென்டிரைவைக் கண்டுகொள்ளவே செய்யாது. எட்சரில் எழுதியபின் 'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் கேட்கக்கூடும். கேன்சல் கொடுங்கள். அங்கே ஓகே கொடுத்துவிட்டு, எழுதியது எல்லாம் போய், மறுபடி முதலில் இருந்து தொடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பின்னால் விண்டோஸ் ஐஎஸ்ஓவை எழுத நேர்ந்தால் எட்சர் வேண்டாம், ரூஃபஸ் போதும். ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, விண்டோஸின் 'இன்ஸ்டால்.விம்' பல நேரம் தாண்டிவிடும். ரூஃபஸ் அதற்குத் தனியாக ஏற்பாடு செய்துகொள்ளும்.

பெயர் தெரிந்தும் பூட் ஆகவில்லை என்றால் நம்பகமான கையொப்பம் இல்லாதவற்றைத் தொடங்கவிடாத செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு மேல்தான் என் சந்தேகம் போகும். பிழைச் செய்தி மின்னி மறைந்துவிடும். செல்போனில் வீடியோ எடுத்து நிறுத்திப் பாருங்கள், நான் அப்படித்தான் படிப்பேன். அதில் 'எஸ்பாட்', 'செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்' என்ற சொற்கள் இருந்தால், நீங்கள் வைத்திருப்பது பழைய ஐஎஸ்ஓ. 2024 ஆகஸ்ட்டில் வந்த விண்டோஸ் அப்டேட் பழைய லினக்ஸ் பூட்லோடர்களை (லினக்ஸைத் தொடக்கிவைக்கும் சிறு புரோகிராம்களை) தடுத்துவிட்டது. புதிய ஐஎஸ்ஓவை இறக்கிக்கொள்ளுங்கள். எடுத்த எடுப்பிலேயே செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. உங்கள் டிஸ்க்கில் விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் ஓடிக்கொண்டிருந்தால், அணைத்த கையோடு 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது கையில் இல்லாவிட்டால் உங்கள் ஃபைல்கள் உள்ளேயே பூட்டிக்கொள்ளும். பல புது லேப்டாப்களில் இந்தப் பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கும், உரியவருக்கே தெரியாது. அணைத்தே ஆக வேண்டும் என்றால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் கீ இருக்கிறதா என்று பார்த்து, தாளில் எழுதி வைத்த பிறகு அணையுங்கள்.

இன்ஸ்டாலர் தொடங்கிக் கறுப்புத் திரையில் நின்றால் பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவர்தான். உபுண்டுவின் முதல் மெனுவில் 'சேஃப் கிராபிக்ஸ்' என்று ஒரு வரி இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். ஃபைல்களைப் படிக்கும்போது பிழை வந்தால் ஐஎஸ்ஓ பிழையில்லாமல் இறங்கியதா என்று காட்டும் ஷா256 எண்ணை உபுண்டு தளத்தில் தந்திருப்பதோடு ஒப்பிடுங்கள். விண்டோஸில் 'செர்ட்யூட்டில்' கட்டளை அதைக் காட்டும். எண் ஒத்துப்போனால் யூஎஸ்பி ஹப்பைக் கழற்றிவிட்டு நேரடியாகச் செருகுங்கள், வேறு போர்ட்டிலும் வைத்துப் பாருங்கள். அப்போதும் பிழை வந்தால் பென்டிரைவே தேய்ந்திருக்கலாம், வேறொன்றை எடுங்கள்.

எல்லாம் முடிந்தபின் பென்டிரைவ் சில எம்பிதான் காட்டுகிறது என்று பதற வேண்டாம், எழுதிய விதத்தால் அப்படித் தெரியும். விண்டோஸில் உள்ள டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்து 'கிளீன்' கொடுத்துப் புதிதாக ஃபார்மட் செய்தால் முழு இடமும் திரும்பிவிடும். ஆனால் கிளீன் கொடுக்கும் முன், தேர்ந்தெடுத்த டிஸ்க்கின் அளவு பென்டிரைவின் அளவுதானா என்று கட்டாயம் பாருங்கள். டிஸ்க்கின் எண் மாறினால் ஹார்டு டிஸ்க்கே காலியாகிவிடும்.