பதில்: 45 பசங்க, ஒரே ரூம், விளையாட்டுச் சாமான் எதுவும் இல்ல

கணக்க விளையாட்டா சொல்லித் தரணும், கைல ஒண்ணுமே இல்ல, சத்தம் வருதுன்னு ஹெச்எம் (தலைமை ஆசிரியர்) வேற சொல்றாருன்னு கேட்டிருந்தீங்க. கவலப்படாதீங்க, பழைய அட்டை போதும். ஒரே வரிசையா 10 கட்டம் போட்டு இடமிருந்து வலமா 1லேர்ந்து 10 வரை எழுதுங்க, பகடைக்கு பதிலா பாட்டில் மூடில ஒரு பக்கம் 1 மறுபக்கம் 2ன்னு எழுதி சுண்டிவிட்டா ஆச்சு, ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து, ஆளுக்கொரு காய் வச்சு, விழுந்த எண்ணுக்கு அத்தனை கட்டம் நகர்த்தி ஆடட்டும்.

இது சும்மா பொழுதுபோக்கு இல்லங்க. ராமனி, சீக்லர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்கால ஏழைக் குடும்பத்து சின்னப் பிள்ளைங்கள இதே மாதிரி ஆட வச்சு 2008ல எழுதியிருக்காங்க. ரெண்டு வாரத்துல நாலே தடவை, ஒவ்வொண்ணும் 15, 20 நிமிஷம், அவ்ளோதான், எண்ணுறது, எது பெரிய எண்ணுன்னு சொல்றது எல்லாமே முன்னேறிடுச்சு, 9 வாரம் கழிச்சு பாத்தப்பவும் அப்படியே இருந்துச்சு. எண்ணுக்கு பதிலா கலர் கட்டத்துல ஆடின பிள்ளைங்களுக்கு அந்த முன்னேற்றம் வரல.

ஒண்ண மட்டும் விட்டுடாதீங்க. காய் 5ல நிக்குது, 2 விழுந்துச்சுன்னா "ஆறு, ஏழு"ன்னு சொல்லித்தான் நகர்த்தணும். பசங்க பழக்கத்துல "ஒண்ணு, ரெண்டு"ன்னு சொல்லுவாங்க, அப்படி விட்டா பலன் ரொம்ப குறைஞ்சிடும், அதனால முதல் சில நாள் நீங்க பக்கத்துல உக்காந்து கூடவே சொல்லுங்க.

சத்தம் வருதுன்னு ஹெச்எம் சொல்றத பத்தி: பாதி பேர் ஆடட்டும், பாதி பேர் எழுதட்டும், 15 நிமிஷத்துல மாத்திக்கலாம். முடிஞ்சா அவரையே கூப்ட்டு ஒரு ஜோடி பக்கத்துல நிக்க வைங்க, பிள்ளை என்ன சொல்லுதுன்னு அவரே கேக்கட்டும்.