பட்டியில் ஒரு தடவை இரத்தம் சோதித்து, மாட்டுக்குக் கருச்சிதைவு உண்டாக்கும் கிருமியான 'புரூசெல்லா' இல்லை என்று வந்தால், இனிப் பயமில்லைதானே?

பயம் இருக்கத்தான் வேண்டும். அந்த முடிவு இரத்தம் எடுத்த நாளுக்குத்தான் செல்லும். எங்களுடையதும் மட்டக்களப்பின் மாதவணை மேய்ச்சல்தரைப் பக்கம் போய்வருகிற பட்டிதான். ஒரு வருசம் எல்லாம் சரி என்று வந்ததை நம்பி இருந்தோம், அடுத்த வருசம் ஏழு மாதச் சினைப்பசு கன்றை வீசியது, அதாவது கருச்சிதைந்தது.

இந்தக் கிருமி பெரிய கள்ளன். பெரும்பாலும் ஒரு பசு ஒரே தடவைதான் கன்றை வீசும், அதுவும் ஐந்து மாதம் தாண்டி. அடுத்த ஈற்றில் கன்று நல்லபடியாகப் பிறந்துவிடும், நாமும் சூட்டுக்கு விழுந்திருக்கும் என்று மறந்துவிடுவோம், ஆனால் பாலில் கிருமி போய்க்கொண்டே இருக்கலாம். தாயிடமிருந்து தொற்றிய நாகு முதல் சினை வரை சோதனையில் அகப்படாமலே வளர்வதும் உண்டு. கன்று வீசிய உடனே எடுத்த இரத்தமும் சில நேரம் ஏமாற்றும், இரண்டு மூன்று கிழமை கழித்துத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.

பெரும்போகத்துக்கு விதைத்ததும் மாடுகளை மேய்ச்சல்தரைக்குக் கொண்டுபோகிறோம், அங்கே பல பட்டி ஒன்றாகக் கலக்கிறது. அதனால் போகுமுன் ஒரு சோதனை, அறுவடை முடிந்து வந்த பிறகு ஒன்று. இடையில் பால் வளையச் சோதனை மலிவு: நீலச் சாயமேற்றிய செத்த கிருமியைப் பாலில் விட்டால், நோய் இருக்கும் பாலில் நீலம் ஆடையோடு மேலே ஏறி வளையமாக நிற்கும். சீம்பாலோ மடிநோய்ப் பாலோ கலந்தால் பொய்யும் சொல்லும். பட்டிப் பாலைச் சேர்த்துப் பார்ப்பதால் எந்த மாடு என்றும் தெரியாது.

அங்கேதான் நாம் கோட்டை விடுகிறோம். குறி சுட்டிருப்பது யாருடைய மாடு என்றுதான் சொல்லும். காதில் இலக்கம் போட்டு, ஒரு சீ.ஆர். கொப்பியில் மாட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எங்கள் கொப்பியில் 14ஆம் இலக்கத்துக்கு 'கன்று வீசியது, இளங்கொடி விழவில்லை' என்று எழுதியிருந்ததால்தான் அதன் மகள் நாகைத் தனியாகக் கட்டிவைத்துத் திரும்பத் திரும்பச் சோதிக்க முடிந்தது. நாகுக் கன்றுக்கு எஸ்19 என்ற புரூசெல்லாத் தடுப்பூசி போட்டால் அந்தத் திகதியையும் எழுதுங்கள், பிறகு இரத்தச் சோதனையைக் குழப்பும்.

வீசிய கன்றையும் இளங்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். மரத்தில் கட்டித் தொங்கவிடும் பழக்கம் இதற்கு வேண்டாம், நாய் இழுத்துக்கொண்டு திரியும், ஆழமாகப் புதையுங்கள். இந்தக் கிருமி மனிதருக்கும் தொற்றும். என் மாமா அப்படி வெறுங்கையால் இழுத்தவர். மாதக்கணக்கில் பின்னேரக் காய்ச்சலும் மூட்டுவலியுமாகக் கிடந்தார், மாடு வைத்திருக்கிறார் என்று டொக்டரிடம் யாருமே சொல்லவில்லை.