இடது மூளை, வலது கை: கிரேக்க வைத்தியர்களுக்கு எவ்வளவு தெரியும்?

கேள்வி: எங்க தாத்தாவுக்கு ஸ்ட்ரோக் வந்துச்சு, ஸ்கேன்ல மூளையோட இடது பக்கம் அடைப்புன்னாங்க, ஆனா விளங்காம போனது வலது கை, வலது கால். இந்த விஷயம் ஸ்கேன் வந்தப்புறம்தான் தெரிஞ்சுதா, இல்ல பழைய கிரேக்க வைத்தியர்களுக்கே தெரியுமா சார்?

பதில்: தெரியும்ங்க. ஹிப்போகிரட்டீஸ்ன்ற பழைய கிரேக்க வைத்தியர் பேர்ல ஒரு தொகுப்பே இருக்கு, பெரும்பாலும் கிமு 5, 4ஆம் நூற்றாண்டு நூல்கள், அதுல தலைக்காயத்தைப் பத்தின நூல்ல மண்டையில இடது பக்கம் அடிபட்டா வலிப்பு வலது பக்கம் வரும், வலது பக்கம் அடிபட்டா இடது பக்கம் வரும்னு தெளிவாவே எழுதியிருக்காங்க. ஏன் அப்படின்னு சொன்னவர் பல நூற்றாண்டு கழிச்சு ரோமானியர் காலத்துல வந்த கப்படோக்கியா (இன்னிக்கு துருக்கியில இருக்கற பகுதி) நாட்டு வைத்தியர் அரிட்டேயஸ். நரம்புங்க மூளையில ஆரம்பிக்கற இடத்துலயே எக்ஸ் எழுத்து மாதிரி ஒண்ணுக்கொண்ணு குறுக்க தாண்டி எதிர்ப்பக்கம் போயிடுது, அதனால கோளாறு தலையில இருந்தா எதிர்ப்பக்கம் விழும், தலைக்குக் கீழ தண்டுவடத்துல இருந்தா அதே பக்கம் விழும்னு பிரிச்சு சொல்லிட்டார். இன்னிக்கு மெடிக்கல் காலேஜ்ல மூளையோட அடிப்பகுதியான முகுளத்துல நரம்பு குறுக்க போகுதுன்னு சொல்லித் தர்றது கிட்டத்தட்ட இதேதான்! நோயாளியை உட்கார்ந்து கவனிச்சு மட்டுமே இவ்வளவு தூரம் வந்திருக்காங்கன்றது எனக்கு ரொம்பப் பெரிய விஷயமா படுது.

ஆனா ஸ்ட்ரோக் வர்றதுக்குக் காரணம்னு வந்தா சறுக்கிட்டாங்க. குளிர்ந்த கபம் மூளைக்குப் போற குழாயை அடைச்சுடுதுன்னு நம்பினாங்க, கேலன்கூட (கிபி 129ல பிறந்த கிரேக்க வைத்தியர்) கெட்டியான கபம் மூளைக்குள்ள இருக்கற அறைகளை அடைக்குதுன்னுதான் சொன்னார், அடைப்புன்ற யோசனை சரி, அடைக்கற பொருள்தான் தப்பு. அரிஸ்டாட்டில் இன்னும் ஒரு படி மேல போய் சிந்தனை எல்லாம் இதயத்துல, மூளை உடம்புச் சூட்டைத் தணிக்க மட்டும்தான்னுட்டார். அவருக்கு முன்னாடியே காக்காய் வலிப்பு சாமி குத்தம் இல்லைன்னு வாதாடின ஒரு ஹிப்போகிரட்டீஸ் நூல், அந்த நோய் வந்த ஆட்டோட மண்டையைத் திறந்து பாரு, மூளை ஈரமா நீர் கோத்து நாறும், உடம்பைக் கெடுக்கறது சாமி இல்ல நோய்னு உனக்கே தெரியும்னு சொல்லுது.

கேள்வி: சரி, அவங்களால குணப்படுத்த முடிஞ்சுதா?

பதில்: இல்லைங்க, அதை அவங்களே ஒத்துக்கிட்டாங்க. ஸ்ட்ரோக் பலமா தாக்கினா குணமாக்கவே முடியாது, லேசா தாக்கினாலும் சுலபம் இல்லன்னு அவங்க சூத்திரமே இருக்கு, 40ல இருந்து 60 வயசுக்குள்ள அதிகமா வரும்னும் குறிச்சு வெச்சிருக்காங்க. ரத்தக்கசிவாலயும் இது வரும்னு சுவிட்சர்லாந்து டாக்டர் வெப்ஃபர் பிணங்களை அறுத்துப் பார்த்து எழுதினதே 1658லதான். இப்போ அடைப்பால வந்த ஸ்ட்ரோக்னா, ஆரம்பிச்ச நாலரை மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரி போனா ரத்தக்கட்டியைக் கரைக்கற ஊசி பல பேருக்குப் போட முடியுது, அதுக்கும் முதல்ல ஸ்கேன் எடுத்து ரத்தக்கசிவு இல்லைன்னு பார்த்தாகணும், அதனால வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ படுத்துத் தூங்கினா சரியாயிடும்னு விட்டுடாதீங்க, உடனே கூட்டிட்டுப் போங்க.