முட்டையை உரித்துக் கொடுங்கள்

அன்புள்ள ஐயா,

கணவரின் வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து மலேசியாவின் ஷா ஆலம் வந்து எட்டு மாதம் ஆகிறது. அவருடன் வேலை பார்க்கும் மலாய்ப் பெண்ணுக்கு அடுத்த மாதம் கல்யாணம். கோலா பிலாவில், அவர்களுடைய கம்பத்து (கிராமத்து) வீட்டிலேயே நடக்கிறது. பத்திரிகை வந்துவிட்டது. எங்களுக்கு ஆறு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பையன்கள். கூட்டிப் போவதா, பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவதா என்று வீட்டில் ஒரே வாக்குவாதம். சின்னவன் ஓரிடத்தில் நிற்க மாட்டான். சடங்கு நடக்கும்போது ஏதாவது செய்துவைத்தால் மானம் போய்விடும். கூட்டிப் போனால், பெரியவனுக்கு ஒவ்வொரு சடங்குக்கும் அர்த்தம் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று யூடியூப் பார்த்து ஒரு நோட்டில் குறிப்பு எடுத்து வைத்திருக்கிறேன். மஞ்சள் அரிசி, மருதாணி, பன்னீர், வெற்றிலை எல்லாமே இருக்கிறது. இதெல்லாம் நம்மிடமிருந்து போனதுதானே, அப்படியே அவனுக்குச் சொல்லலாம் அல்லவா? அப்புறம், என்ன உடுத்துவது, எவ்வளவு மொய் வைப்பது, சாப்பாட்டில் காரம் எப்படி இருக்கும்? நீங்கள் சில வருடங்கள் மலேசியாவில் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்.

எஸ்.
ஷா ஆலம்

அன்புள்ள எஸ்.,

கடிதத்தில் கோலா பிலா என்ற பெயரைப் பார்த்ததும் பரணில் ஏறி ஒரு பழைய டைரியைத் தேடி எடுத்தேன். 2001 டிசம்பர், நோன்புப் பெருநாள் முடிந்த அடுத்த வாரம், அதே ஊருக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்துக் கல்யாணத்துக்கு நானும் போயிருக்கிறேன். மனைவியும் நாலு வயது மகளும் கூட வந்தார்கள். அந்த மகளுக்கே இப்போது ஒரு பிள்ளை இருக்கிறது. போன வாரம் போனில், “அப்பா, பூ வச்சு ஒரு முட்டை குடுத்தாங்களே, அது எந்த ஊரு?” என்று கேட்டாள். அதையே அசைபோட்டுக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வருகிறது.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். தோளும் முட்டியும் மூடியிருந்தால் எந்த உடையும் சரி. சுடிதார் போதும். ஆசையிருந்தால் மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மொய்க்கு நம் ஊர் மாதிரி மேஜை போட்டு, நோட்டில் எழுதி, மைக்கில் வாசிக்க மாட்டார்கள். விடைபெறும்போது கைகொடுக்கிற சாக்கில் உள்ளங்கையில் வைத்து அழுத்திவிட வேண்டும். சலாம் காவுட் என்பார்கள். நீங்கள் பெண்ணின் அம்மாவிடம், உங்கள் கணவர் அப்பாவிடம். எவ்வளவு என்பதை அவருடைய ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள். என் காலத்து வெள்ளி (ரிங்கிட்) கணக்கு இப்போது எதற்கும் உதவாது.

பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவதா என்று கேட்கிறீர்கள். பத்திரிகையை எடுத்து மறுபடி பாருங்கள். பெயர் எழுதிய இடத்தில் ‘செகெலுவார்கா’ என்று ஒரு சொல் இருக்கும். குடும்பத்தோடு என்று அர்த்தம். அதைச் சும்மா அச்சடிப்பதில்லை. வாசலில் பந்தல் போட்டிருப்பார்கள். பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை ஊர் வரும், சாப்பிடும், போகும். வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டிய கட்டம் ஒன்று உண்டென்றால் அது நிக்காஹ்தான். நிக்காஹ் நடத்திவைக்கும் காடிக்கு (காஜிக்கு) முன்னால் மாப்பிள்ளை ஒரே மூச்சில் சம்மதம் சொல்ல வேண்டும். தடுமாறினால் மறுபடி சொல்லச் சொல்வார்கள், பாவம் வியர்த்துக் கொட்டும். பெரும்பாலும் அது முன்னதாகவே மசூதியிலோ வீட்டிலோ முடிந்திருக்கும். நீங்கள் போகிற நேரத்துக்குக் கூட்டமும் சோறும் கொம்பாங்கும்தான் இருக்கும். உங்கள் சின்னவன் ஓடினால், அங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் முப்பது பிள்ளைகளோடு முப்பத்தோராவது ஆள், அவ்வளவுதான்.

கொம்பாங் என்பது ஒரு பக்கம் தோல் கட்டிய கைப்பறை. இருபது பேர் சேர்ந்து அடிக்கும்போது மூன்று வயதுப் பிள்ளை பயந்துபோகும். அப்போது மட்டும் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறு முன்னேற்பாடு எதுவும் தேவையில்லை.

இனி அந்தக் குறிப்பு நோட்டு. அதை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். வந்து எட்டு மாதத்தில், இன்னொருவர் வீட்டுச் சடங்கைத் தெரிந்துகொள்ள உட்கார்ந்து குறிப்பெடுக்கிற அக்கறை எத்தனை பேருக்கு வரும்? அக்கறை இருப்பதால்தான் திட்டுகிறேன். இல்லாதவர்களைத் திட்டி என்ன ஆகப்போகிறது? ஆனால் இந்தக் காலத்து அப்பா அம்மாக்களுக்கு ஒரு வியாதி பிடித்திருக்கிறது. கோயிலுக்குப் போனாலும் சரி, கடற்கரைக்குப் போனாலும் சரி, பிள்ளை மூலத்தைப் பார்ப்பதற்கு முன்னால் உரையாசிரியர் வந்து குறுக்கே நின்றுவிடுகிறார். யானையைப் பார்த்துப் பிள்ளை வாயைத் திறந்தால், அது மூடுவதற்குள் யானை ஒரு நாளைக்கு எத்தனை கிலோ தின்னும் என்று சொல்லியாகிவிடுகிறது. அப்புறம் பிள்ளைக்கு எதிலும் ஆர்வம் இல்லை என்று நமக்கே கடிதம் எழுதுகிறார்கள்.

நீங்கள் போகிற இடத்தில் புங்கா தெலூர் தருவார்கள். அவித்த முட்டை ஒன்று, அதோடு துணியிலோ தாளிலோ செய்த ஒரு பூ. முட்டை வளத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் அடையாளம் என்று உங்கள் நோட்டில் கட்டாயம் இருக்கும். ஆறு வயதுப் பையனிடம் பிள்ளைப்பேறு என்று ஆரம்பித்தால் அவனுடைய அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று யோசித்தீர்களா? ஷா ஆலம் வந்து சேரும் வரை காரில் பதில் சொல்லிக்கொண்டே வருவீர்கள். முட்டையை உரித்துக் கொடுங்கள். தின்னட்டும். (இப்போதெல்லாம் பல வீடுகளில் முட்டைக்குப் பதில் கேக்கோ சாக்லேட்டோ வைத்துவிடுகிறார்கள். உங்களுக்கு முட்டை கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.)

இவ்வளவு பேசுகிற நான் அந்தக் கல்யாணத்தில் என்ன செய்தேன் தெரியுமா? கையில் இந்த டைரியோடு அலைந்தேன். கோலா பிலா இருக்கும் நெகிரி செம்பிலான் மாநிலத்து மலாய்க்காரர்களில் பலர் சுமத்ராவிலிருந்து வந்த மினாங்கபாவ் வழியினர். பரம்பரை நிலம் அங்கே தாயிடமிருந்து மகளுக்குப் போகும். இந்த வழக்கத்துக்கு அடாட் பெர்பாத்தே என்று பெயர். பன்னிரண்டு சூக்கு, அதாவது தாய்வழிக் குலம். ஒரே சூக்குவுக்குள் கல்யாணம் கிடையாது. நம் கோத்திரக் கணக்கு மாதிரி! எனக்குத் தலைகால் புரியவில்லை. அகப்பட்டவர்களையெல்லாம் பிடித்து, நீங்கள் எந்தச் சூக்கு, மாப்பிள்ளை எந்தச் சூக்கு என்று விசாரித்துக்கொண்டே போய், வீட்டுக்குப் பின்னால் அடுப்படிக்கு வந்துவிட்டேன். பெரிய கொப்பரையில் ரெண்டாங் என்ற இறைச்சிக் கறி கொதிக்கிறது. ஒரு பெரியவர் படகுத் துடுப்பு மாதிரி ஒன்றை வைத்துக் கிளறிக்கொண்டிருக்கிறார். அவரிடம் என் அரைகுறை மலாயில், “உங்கள் மெம்பெலாய் எங்கள் மாப்பிள்ளை, தெரியுமா?” என்றேன். மெம்பெலாய் என்றால் மலாயில் மணமக்கள். அது தமிழ் மாப்பிள்ளையிலிருந்து போன சொல் என்பார்கள் சொல்லாராய்ச்சிக்காரர்கள். கடை கெடாய் ஆனதும் கப்பல் காப்பால் ஆனதும் போல. பெரியவர் துடுப்பை நிறுத்தாமல், “அப்படியா? சாப்பிட்டாயிற்றா?” என்றார்.

நான் அங்கே நின்றுகொண்டிருந்த அதே நேரத்தில் முன்வாசலில் மாப்பிள்ளை ஊர்வலம் வந்திருக்கிறது. ஊர்வலத்தின் முன்னால் புங்கா மங்கார் பிடித்து வருவார்கள். நீளமான கழி, அதன் நுனியில் மினுக்குத்தாள் சுற்றிய ஈர்க்குகள் நாலு பக்கமும் விரிந்து தொங்கும். மங்கார் என்றால் தென்னம்பாளை. டைரியில் இதுவும் இருக்கிறது, கீழே கோடு போட்டு எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பாளையில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனது என் மகள் என்பது மட்டும் அதில் இல்லை. கழி ஏந்தி வந்த பையன் யாரோ கொடுத்திருக்கிறான், அல்லது இவளே பிடுங்கியிருப்பாள். திரும்பி வரும்போது மனைவி காரில் சொன்னாள். “அப்படியா?” என்றேன். சூக்குக்களில் ஒன்பதாவது பெயரைச் சரியாக எழுதினேனா என்ற யோசனையில் இருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த வீட்டிலிருந்து தபாலில் ஒரு போட்டோ வந்தது. மகள் கழியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையை முழுக்கப் பின்னால் சாய்த்து, மேலே மினுங்குவதைப் பார்த்து வாய் பிளந்து சிரிக்கிறாள். கழி சாய்ந்துவிடாமல் பின்னாலிருந்து ஒரு கை தாங்கிப் பிடித்திருக்கிறது. வளையல் போட்ட வயதான கை. ஆள் படத்தில் இல்லை. யார் என்று என் மனைவிக்கும் தெரியவில்லை.

மகளுக்கு இதில் பாதி நினைவில்லை. ஊர்ப் பெயர் தெரியாது. முட்டை நினைவிருக்கிறது, பன்னீர் வாசனை நினைவிருக்கிறது. பெரியவர்களைக் கண்டால் அவர்கள் கையை வாங்கி மூக்கில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று அங்கே ஒரு பையன் அவளுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறான். ஊருக்குத் திரும்பிய பிறகும் பல மாதம் அதைச் செய்துகொண்டிருந்தாள். பேப்பர் போடுகிறவர், கேஸ் சிலிண்டர்காரர், ஒருவரையும் விடவில்லை. நான் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தால் ஒரு நாளாவது செய்திருப்பாளா?

‘நம்மிடமிருந்து போனதுதானே’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. பாதி என் மேல்தான். கொப்பரையடியில் நான் அந்தப் பெரியவரிடம் பேசியதும் இதே பேச்சு. வெற்றிலையின் பூர்வீகம் தென்கிழக்காசியா என்கிறார்கள் தாவரவியல்காரர்கள். நம் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு வந்த ஒரு மலாய் அம்மா, தாம்பூலத் தட்டைப் பார்த்துவிட்டு, “இது எங்களிடமிருந்து வந்ததுதானே?” என்றால் உங்கள் மாமியார் முகம் எப்படிப் போகும்? அதோடு, மணமக்களை மேடையில் உட்கார்த்தி மஞ்சள் அரிசியும் பன்னீரும் தெளிப்பது மார்க்கத்துக்குச் சரியா என்று அவர்களுக்குள்ளேயே வெகுநாளாக வாதம் நடக்கிறது. தெளிப்பதை விட்டுவிட்ட வீடுகளும் உண்டு. அந்தப் பந்தலில் நின்றுகொண்டு, இது இந்தியாவிலிருந்து வந்தது என்று பிள்ளைக்கு நீங்கள் உரக்க வகுப்பெடுத்தால் அந்த வீட்டுக்காரர்கள் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வார்கள்? விருந்துக்குப் போன வீட்டில் வீட்டுப் பத்திரத்தைக் கேட்கலாமா?

பெரியவன் தானாகக் கேட்டால் அது வேறு விஷயம். தெரிந்தால் இரண்டு வார்த்தை சொல்லுங்கள். தெரியாவிட்டால் பக்கத்தில் இருக்கிற அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். மணமக்களை ‘ராஜா செஹாரி’ என்பார்கள், ஒரு நாள் ராஜா. ராஜாவைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வெளியூர்ப் பையன் கேட்டால் கையைப் பிடித்து மேடை வரை கூட்டிப் போய்விடுவார்கள். நீங்கள் பின்னாலேயே ஓட வேண்டாம்.

காரம் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். சிவப்பாக ஒரு கோழி வரும், அயாம் மசாக் மேரா. பார்க்கத்தான் மிரட்டும், உள்ளே தக்காளி இனிப்பு. பிள்ளைகள் நெய்ச்சோற்றோடு சாப்பிட்டுவிடுவார்கள். ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது இன்னொன்றிடம். மஞ்சளாக, தேங்காய்ப்பாலில், எங்கள் திருநெல்வேலிச் சொதி மாதிரி பரம சாதுவாக இருக்கும். மசாக் லெமாக் சிலி அப்பி என்று பெயர். அப்பி என்றால் நெருப்பு. அந்த ஊர்க்காரர்கள் காந்தாரி மிளகாயை எண்ணிப் போடுவதில்லை. நான் அதைச் சொதி என்று நம்பி, சோற்றில் பிசைந்து மகள் வாயில் வைத்தேன். அவள் போட்ட சத்தத்தில், பக்கத்துப் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கொம்பாங்காரர்கள் அத்தனை பேரும் எச்சில் கையோடு எழுந்து நின்றார்கள்.